பலாப்பழத்தைப் பாய் மாதிரி விரிக்க முடியுமா?

நெய்வேலியிலிருந்து பண்ருட்டிக்கு சீசன் நேரத்தில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். ரோட்டின் இரண்டு பக்கமும் பலாப்பழம் குவிந்து கிடக்கும். வாங்குவதற்கு முன்னாடி தட்டிப் பார்ப்போம், மோந்து பார்ப்போம், பேரம் பேசுவோம். ஆனால் யாரும் செய்து பார்க்காத ஒரு வேலை இருக்கு. அந்தத் தோலை முழுசாக உரித்து, கிழியாமல், சுருங்காமல், தரையில் பாய் மாதிரி விரித்துப் பாருங்க பார்ப்போம்!

முடியாது பாஸ். ஓரம் கிழியும். கிழியக் கூடாதென்று அழுத்தினால் நடுவில் உப்பும். ரப்பர் தோலாக இருந்தால் இழுத்து ஒட்டலாம், ஆனால் இழுத்த இடத்தில் முள்ளுக்கு முள் இடைவெளி மாறிவிடும். உருண்டையாக இருப்பதைத் தட்டையாக்கினால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 1827-ல் ஜெர்மன் கணிதமேதை காஸ் இதைக் கணக்குப் போட்டே நிரூபித்துவிட்டார். உருண்டையின் வளைவு அதோடு கூடப் பிறந்தது, கிழிக்காமல் இழுக்காமல் அதைப் போக்கவே முடியாது என்று.

பூமியும் ஒரு பலாப்பழம்தான். அதைத் தாளில் விரிக்கிற வித்தைக்குத்தான் மேப் புரொஜெக்ஷன் என்று பெயர். தமிழ் மீடியத்தில் ஜியாகரஃபி படித்தவர்கள் 'கோட்டுச்சட்டம்' என்று படித்திருப்பீர்கள். ரெக்கார்ட் நோட்டில் காம்பஸ், ஸ்கேல், பென்சில் வைத்து வரைந்து, கையெழுத்து வாங்கி, பிராக்டிகல் முடிந்த மறுநாளே மறந்துபோன அதே ஐட்டம். பாவம், ரொம்ப சுவாரஸ்யமான ஒரு சப்ஜெக்ட்டை மார்க்குக்காக மட்டும் நடத்தி மொக்கையாக்கி வைத்திருக்கிறோம்.

பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில் இருக்கிற மேல்பட்டாம்பாக்கத்தை எடுத்துக்கோங்க. ரயில்வே ஸ்டேஷன் உள்ள சின்ன ஊர். இங்கிருந்து நெய்வேலி டவுன்ஷிப் நேர்கோட்டில் இருபது சொச்சம் கிலோமீட்டர். இந்த ஊரையும் உலகத்தையும் ஒரே தாளில் எப்படி வைப்பது என்ற கேள்விக்குள் கப்பலும் கோயிலும் பட்டா நிலமும் ஏரோப்ளேனும் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடலைப் பொட்டலமும் ஜீரோ வாட் பல்பும்

ஹாஸ்டல் ரூமிலேயே செய்து பார்க்கலாம். பழம் வைக்கிற அரைக்கோளக் கம்பிக்கூடை ஒன்று, ஒரு சின்ன பல்பு, ஒரு சார்ட் பேப்பர். கரன்ட்டுக்கு நெய்வேலிக்காரங்க கவலைப்பட வேண்டாம்! கூடையைக் கவிழ்த்து, அதன் மையத்தில் பல்பை வைத்து எரியவிடுங்க. கம்பிகள்தான் அட்சரேகை, தீர்க்கரேகை. இப்போ அந்த நிழலைப் பேப்பரில் பிடிக்க வேண்டும்.

பேப்பரைக் குழாயாகச் சுருட்டி கூடையைச் சுற்றி நிறுத்தினால் அது உருளைப் புரொஜெக்ஷன். கடலைப் பொட்டலம் மாதிரி கூம்பாகச் சுருட்டித் தொப்பியாகக் கவிழ்த்தால் கூம்புப் புரொஜெக்ஷன். சுருட்டாமல் உச்சியில் தட்டையாக வைத்தால் அது மூன்றாவது வகை, துருவத்தை நடுவில் வைத்து வரைகிற மேப்பெல்லாம் இந்தக் குடும்பம். பேப்பர் எங்கே கம்பியைத் தொடுகிறதோ அங்கே அளவு சரியாக இருக்கும். தொட்ட இடத்தை விட்டு விலக விலக நிழல் நீளும். இவ்வளவுதான் அடிப்படை.

இதை க்ளாஸில் ஒரு தடவை காட்டினால் அரை மணி நேர லெக்சர் மிச்சம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பல புத்தகங்கள் இந்தப் பல்பு படத்தைப் போட்டு, 'இதுதான் மெர்கேட்டர்' என்று சொல்லி முடித்துவிடுகின்றன. அது தப்பு. கூடையின் ஆரம் 1 என்று வைத்துக்கொண்டால், 60 டிகிரி அட்சரேகையின் நிழல் பூமத்திய ரேகையிலிருந்து 1.73 உயரத்தில் விழும். மெர்கேட்டர் மேப்பில் அந்தக் கோடு இருப்பது 1.32 உயரத்தில். மெர்கேட்டர் மேப் எந்தப் பல்பின் நிழலும் இல்லை, முழுக்க முழுக்கக் கணக்கு. கெரார்டஸ் மெர்கேட்டர் 1569-ல் அந்த மேப்பை வெளியிட்டார். கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற அட்டவணையை எட்வர்ட் ரைட் என்ற ஆங்கிலேயர் 1599-ல் அச்சில் கொடுத்தார்.

எதுக்கு இந்தப் பாடு? கப்பலுக்கு! மாலுமியின் கையில் இருப்பது ஒரு திசைகாட்டி. "இந்தக் கோணத்தை மாத்தாம ஓட்டிட்டே போ, துறைமுகம் வந்துடும்" என்று சொல்ல முடிந்தால் அவனுக்குப் போதும். மெர்கேட்டர் மேப்பில் இரண்டு ஊருக்கு நடுவே ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோடு போட்டு, அதன் கோணத்தைப் பார்த்தால் வேலை முடிந்தது. அந்த ஒரு வசதிக்காக அவர் பரப்பளவை பலி கொடுத்தார். வடக்கே, தெற்கே போகப் போக எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். துருவமோ தாளிலேயே அடங்காது, முடிவிலிக்குப் போய்விடும்.

விளைவு? நம்ம க்ளாஸ்ரூம் சுவரில் தொங்குகிற மேப்பில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். நிஜத்தில் கிரீன்லாந்து சுமார் 22 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆப்பிரிக்கா மூன்று கோடி. அதாவது 14 கிரீன்லாந்தை உள்ளே போட்டு அடக்கலாம். இந்தியாவே 33 லட்சம், கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரிசு! நம்ம தமிழ்நாடு 1,30,000 சதுர கிலோமீட்டர், ஐஸ்லாந்து 1,03,000. நம்மைவிடச் சின்ன நாடு. ஆனால் மெர்கேட்டரில் ஐஸ்லாந்து தமிழ்நாட்டைப் போல நாலு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும்.

இதில் அரசியல் இல்லாமல் போகுமா? 1973-ல் ஆர்னோ பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர், 'இது ஐரோப்பாவைப் பெரிசாக்கிக் காட்டுகிற மேப்' என்று கொடி பிடித்து, பரப்பளவு மாறாத மேப் ஒன்றைக் கொண்டுவந்தார். அதே கணக்கை ஜேம்ஸ் கால் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1855-லேயே போட்டு வைத்திருந்தார் என்பது தனிக் கதை. 2017-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகள் அந்த மேப்பை மாட்டின. 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க யூனியனே மெர்கேட்டருக்கு எதிரான பிரசாரத்துக்கு ஆதரவு கொடுத்தது.

கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் பீட்டர்ஸ் மேப்பை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் அவசரம். அதில் பரப்பு சரியாக இருக்கும், உருவம் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபடும். நெய்வேலியின் அட்சரேகையில் கணக்குப் போட்டால், கிழக்கு மேற்கு அளவோடு ஒப்பிடும்போது வடக்கு தெற்கு அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். பிளாக் நம்பர் சொல்லியே அட்ரஸ் கேட்கிற டவுன்ஷிப் அது. அங்கே சதுரமான ஒரு பிளாக், பீட்டர்ஸ் மேப்பில் நீட்டி நிறுத்திய செவ்வகமாகிவிடும். 2018-ல் வந்த 'ஈக்வல் எர்த்' மேப் இதைவிட நயமானது. பரப்பும் சரி, உருவமும் கண்ணை உறுத்தாது. க்ளாஸ்ரூம் சுவருக்கு எது என்று கேட்டால், என் ஓட்டு அதுக்குத்தான்.

ஒரு ஏக்கருக்கு அஞ்சு சென்ட் எங்கிருந்து வந்தது?

"அதெல்லாம் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து மேட்டர்... நமக்கென்ன? நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துலதானே இருக்கோம்?" என்று கேட்பீர்கள். கேட்கணும். இங்கேதான் விஷயம் பட்டா வரைக்கும் வருகிறது.

2005-ல் வந்த கூகுள் மேப்ஸ் மெர்கேட்டரைத்தான் எடுத்துக்கொண்டது. காரணம் சரியான காரணம். தெருவும் தெருவும் செங்குத்தாக வெட்டினால், ஸ்கிரீனிலும் செங்குத்தாகவே தெரிய வேண்டும். எந்த ஊரை ஜூம் பண்ணினாலும் உருவம் கெடக் கூடாது. மெர்கேட்டர் அதைச் செய்யும். 2018 முதல் கம்ப்யூட்டரில் முழுசாக ஜூம் அவுட் செய்தால் உருண்டை தெரிகிற மாதிரி மாற்றினார்கள். ஆனால் இணைய மேப்களின் அடித்தளம் இன்றும் பெரும்பாலும் 'வெப் மெர்கேட்டர்'தான்.

இப்போ ஒரு ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட். கியூஜிஐஎஸ் என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறக்கிறீர்கள். சாட்டிலைட் படத்தை இறக்கி, நெய்வேலி பக்கத்தில் ஒரு வயலைச் சுற்றி வரப்பு வரப்பாக க்ளிக் செய்கிறீர்கள். லேயர் வெப் மெர்கேட்டரில் இருக்கிறது. அப்படியே தட்டையான பரப்பைக் கணக்கிடச் சொன்னால் என்ன வரும்? நெய்வேலியின் அட்சரேகையான சுமார் 11.6 டிகிரியில், உண்மையைவிட கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுதலாக வரும்! ஒரு ஏக்கர் என்றால் 100 சென்ட். ஸ்கிரீனில் 105 சென்ட் நிற்கும். பத்து ஏக்கருக்கு அரை ஏக்கர் வானத்திலிருந்து குதித்திருக்கும்.

கடலூர் மாவட்டத்தில் சென்ட் என்பது சும்மா ஒரு யூனிட் இல்லை. 1956-ல் தொடங்கிய நிறுவனத்தின் சுரங்கத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக நிலம் கொடுத்த ஊர்கள் இங்கே உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலில் வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதை டி.வி.யில் தமிழ்நாடே பார்த்தது. நிலத்துக்கு இழப்பீடு சர்வே நம்பரை வைத்துத்தான் போடுகிறார்கள், எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சை வைத்துத்தான் அளக்கிறார்கள், போனைப் பார்த்து இல்லை. அது சரி. ஆனால் ஒரு கிராமத்தில் 'எவ்வளவு நிலம் போகுது, எவ்வளவு மிச்சம்' என்று மேப் போட்டு மனு எழுதுவது இனி யார்? பி.எஸ்சி. ஜியாகரஃபியோ, ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸோ படித்த அந்த ஊர்ப் பிள்ளைதான். அவன் கொண்டுபோகிற கணக்கில் ஏக்கருக்கு அஞ்சு சென்ட் கூடுதலாக இருந்தால், எதிர் டேபிளில் இருப்பவர் அந்த ஒரு ஓட்டையைப் பிடித்து முழு மனுவையும் ஓரம் கட்டிவிடுவார்.

தீர்வு ரொம்பச் சின்னது. கியூஜிஐஎஸ்ஸில் 'டாலர் ஏரியா' என்ற ஃபங்ஷன், ப்ராஜெக்ட்டில் எலிப்சாய்டு செட் ஆகியிருந்தால் பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தே பரப்பு சொல்லும். இல்லையென்றால் லேயரை யு.டி.எம். ஸோன் 44-க்கு மாற்றுங்க. எண் 32644, மனப்பாடம் செய்யுங்க. அதில் நெய்வேலியில் ஒரு கிலோமீட்டருக்கு வருகிற பிழை சுமார் 7 சென்டிமீட்டர். ஒரு ஏக்கருக்கு 6 சதுர அடி குறையும். அஞ்சு சென்ட் என்பது 2,178 சதுர அடி. ஒரு க்ளிக்கில் 2,178 எங்கே, 6 எங்கே!

சுரங்கத்துக்குள்ளேயே வேலை என்றால் இந்தத் தலைவலி ஏறக்குறைய இல்லை. 10 கிலோமீட்டர் தூரத்தை வளைவோடு அளந்தாலும், ஊடே நேராக அளந்தாலும், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். சின்ன இடத்துக்குப் பூமி தட்டை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உயரம் அளக்கும்போது அப்படி விட முடியாது. அதே 10 கிலோமீட்டரில் பூமி கிட்டத்தட்ட 8 மீட்டர் கீழே வளைந்துவிடும்.

திருவந்திபுரத்துக்கு வந்த துரை

தட்டையாக்குவது இருக்கட்டும், முதலில் உருண்டை எவ்வளவு பெரிசு, எப்படிப்பட்ட உருண்டை என்று தெரிய வேண்டாமா? அந்தக் கணக்கின் முக்கியமான ஒரு புள்ளி நம்ம கடலூர்ப் பக்கத்தில் இருக்கிறது. நிறையப் பேருக்குத் தெரியாது.

1802 ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலை பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி தரையில் ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நீளம் ஏழரை மைல். கையில் 100 அடி ஸ்டீல் சங்கிலி. அந்தச் சங்கிலி சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே எடுபடாமல் திரும்பியது! கோணம் அளக்க வேண்டிய பெரிய தியோடலைட் லண்டனிலிருந்து அரை டன் எடையில் கப்பலேறியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள். எதிரிக்கு எதிரி அப்படியும் ஒரு காலம்.

ஏழரை மைலை 100 அடி சங்கிலியால் அளந்தால் ஏறக்குறைய 400 தடவை சங்கிலி போட வேண்டும். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டர் பார்க்க வேண்டும். 57 நாள் ஆனது. சென்னை ஏப்ரல், மே வெயிலில்!

அந்தக் கோட்டை அடியாக வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கடற்கரையோரம் தெற்கே இறங்கினார் லாம்ப்டன். முக்கோணத்தில் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்கள் தானாக வந்துவிடும், பத்தாவது கணக்குதான். அப்படி இறங்கியவர் வந்து நின்ற தென்கோடி, கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம். ஆமாம், முகூர்த்த நாளில் கல்யாண ஜோடிகள் வரிசையில் நிற்கிற அதே தேவநாத சுவாமி ஊர்தான். மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊர் என்றே சொல்லலாம். ஆங்கிலேயர் வாயில் அது 'ட்ரிவாண்டிபோரம்' ஆகி ரெக்கார்டில் ஏறியிருக்கிறது.

இங்கே நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து, அட்சரேகை 11 டிகிரி 44 நிமிடம் 52 விநாடி என்று கண்டார். வடகோடி சென்னைக்கு வடக்கே, ஏறக்குறைய பொன்னேரியின் அட்சரேகையில். இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரி 34 நிமிடம் 56 விநாடி. தரையில் அந்தத் தூரம் எவ்வளவு என்று முக்கோணங்கள் சொல்லிவிட்டன. வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை தூரம் என்று வந்துவிடும். அவருக்கு வந்த விடை 60,494 ஃபாதம், இன்றைய கணக்கில் 110.63 கிலோமீட்டர். சாட்டிலைட் யுகத்தின் விடை? அதே அட்சரேகையில் 110.63-ஐ ஒட்டித்தான். வித்தியாசம் சில மீட்டர்! சங்கிலி, தெர்மாமீட்டர், நட்சத்திரம், ஒரு பொறுமைசாலி. அவ்வளவுதான்.

துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு டிகிரி 111.7 கிலோமீட்டர். கடலூரில் அதைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைவு. ஏன்? பூமி முழு உருண்டை இல்லை, மேலும் கீழும் லேசாகத் தட்டிய உருண்டை. அந்தத் தட்டல் எவ்வளவு என்று தெரிய, பூமத்திய ரேகைக்குப் பக்கத்து அளவும் வேண்டும், ஐரோப்பா பக்கத்து அளவும் வேண்டும். அதனால்தான் பூமியின் வடிவம் பற்றிய 19-ம் நூற்றாண்டுக் கணக்குகளில் 'முதல் இந்திய வில்' என்று இந்தத் திருவந்திபுரம் கோடு வந்து உட்கார்ந்துவிட்டது.

பிறகு லாம்ப்டன் சென்னையிலிருந்து மங்களூர் வரை குறுக்கே முக்கோணம் போட்டார். அதுவரை மேப்பில் 400 மைல் அகலமாக இருந்த தீபகற்பம், 360 மைல்தான் என்று தெரிந்தது. கம்பெனிக்கு ஒரே நாளில் 40 மைல் நாடு காணாமல் போனது! வரி வசூல் செய்கிறவர்கள் முகம் எப்படி மாறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்க. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து தியோடலைட் மோதி நசுங்கியது. வேறு ஆளாக இருந்தால் லண்டனுக்கு லெட்டர் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார். இவர் டெண்டுக்குள் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்திவிட்டார்.

அவருக்குப் பின்னால் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இந்த அளவுகளை வைத்துப் பூமிக்கு ஒரு வடிவக் கணக்கு கொடுத்தார். அதுதான் 'எவரெஸ்ட் 1830'. இந்தியாவின் பழைய டோபோ ஷீட்கள் எல்லாம் அந்த வடிவத்தின் மேல் உட்கார்ந்தவை. ஜி.பி.எஸ். உட்கார்ந்திருப்பது டபிள்யூ.ஜி.எஸ். 84-ன் மேல். பழைய ஷீட்டில் எடுத்த அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே போனில் தட்டினால் நம்ம பக்கத்தில் 100 மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். கிணற்றைத் தேடிப் போய்ப் பக்கத்து ஆள் தோப்பில் நிற்போம்.

மதுரை ஒரு தாள், கோவை ஒரு தாள்

பழைய டோபோ ஷீட்டில் நெய்வேலியும் கடலூரும் '58 எம்' கட்டத்துக்குள் வரும். பாலிகோனிக் என்ற புரொஜெக்ஷன். அதாவது ஒரு பொட்டலம் இல்லை, ஒவ்வொரு அட்சரேகைக்கும் ஒரு பொட்டலம். கடலோரப் பட்டை, எல்லையோரப் பட்டை ஷீட்கள் 'ரெஸ்ட்ரிக்டட்' முத்திரையோடு இருந்தன. ஒரு ஷீட் வாங்க ஸ்டூடன்ட் லெட்டர் மேல் லெட்டர் கொண்டுபோய் அலைந்த காலம் அது. 2005 தேசிய மேப் கொள்கை வந்தபின் பொதுமக்களுக்கு 'ஓபன் சீரிஸ்' என்று தனி ஷீட்கள், ராணுவத்துக்குத் தனி ஷீட்கள் என்று பிரித்தார்கள். 2021 பிப்ரவரி 15-ல் வந்த விதிகள் இந்திய நிறுவனங்களும் தனிநபர்களும் மேப் தயாரிப்பதற்கு இருந்த முன் அனுமதித் தடைகளை எடுத்துவிட்டன. அந்தக் கதவு திறந்ததை நம்ம காலேஜ்கள் இன்னும் முழுசாகக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஓபன் சீரிஸ் ஷீட் யு.டி.எம்.மில் இருக்கும். உலகத்தை 6 டிகிரி அகலத்தில் 60 சுளைகளாக உரித்து, ஒவ்வொரு சுளையையும் தனியாகத் தட்டையாக்குகிற முறை. பலாச்சுளை என்றே நினைத்துக்கோங்க. சுளை சின்னது என்பதால் தட்டையாக்கினாலும் பெரிசாகக் கெடாது. நம்ம சுளை 44, அதாவது 78 முதல் 84 டிகிரி வரை. அட்சரேகைப் பட்டைக்கு ஒரு எழுத்து சேர்த்தால் நெய்வேலி ஷீட் 'சி44' என்று ஆரம்பிக்கும்.

வேடிக்கை என்னவென்றால் 78-வது தீர்க்கரேகை தமிழ்நாட்டை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. மதுரை, கரூர், சேலம், தூத்துக்குடி 44-ல். கோவை, ஈரோடு, திருநெல்வேலி, நாகர்கோவில் 43-ல். திண்டுக்கல் கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது! மதுரையும் திண்டுக்கல்லும் ஒரே ப்ராஜெக்ட்டில் வந்தால், எந்த ஸோன் என்று முதலிலேயே ரெண்டில் ஒன்று முடிவு செய்யாவிட்டால் ஊர்கள் எங்கேயோ போய் விழும். மாநிலம் முழுக்க, நாடு முழுக்க ஒரே மேப் வேண்டுமென்றால் சுளை உதவாது, கடலைப் பொட்டலம்தான். லாம்பர்ட் கூம்பு. இந்தியாவுக்கு வைத்திருக்கிற கூம்பு இரண்டு அட்சரேகைகளில் பூமியை வெட்டும். ஒன்று 35 டிகிரி 10 நிமிடம். இன்னொன்று 12 டிகிரி 28 நிமிடம், நம்ம மதுராந்தகத்துக்குச் சற்றே தெற்கே. அங்கெல்லாம் அளவு துல்லியம். நடுவே மத்தியப் பிரதேசம் பக்கம் 2 சதவீதம் வரை சுருங்கும். யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணுமே!

மேலே போனால் குறுக்கு வழி

2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் பைலட்கள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவப் பகுதி வழியாக விமானம் ஓட்டி வந்தது நினைவிருக்கும். சுமார் 14,000 கிலோமீட்டர், நடுவில் எங்கும் இறங்கவில்லை. சுவர் மேப்பைப் பார்த்தால், 'ஏம்மா இப்படி மேலே ஏறிச் சுத்திட்டு வர்றீங்க' என்று கேட்கத் தோன்றும். ஒரு கால்பந்தை எடுத்து நூலை இழுத்துக் கட்டிப் பாருங்க, மேலேதான் குறுக்கு வழி. துருவத்தை ஒட்டிய அந்தப் பாதை மெர்கேட்டரில் உச்சி ஓரத்தில் ஏறி, தாளை விட்டே வெளியே போய்விடும். அதற்குத் துருவத்தை நடுவில் வைத்த மேப் வேண்டும். அப்படி ஒன்றை நீங்கள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறீர்கள். ஐ.நா. சபையின் நீலக் கொடியில் இருப்பது அதுதான். வட துருவம் நடுவில், மையத்திலிருந்து எந்த இடத்துக்கும் தூரம் சரியாக இருக்கிற புரொஜெக்ஷன். இந்தியா எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்க.

திசைக்கும் இதே கதை. நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் பள்ளிவாசல் கட்டும்போது மெக்கா எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். மெர்கேட்டர் மேப்பில் ஸ்கேல் வைத்தால் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 14 டிகிரி. உருண்டையின் மேல் கணக்குப் போட்டால் சுமார் 20 டிகிரி. அஞ்சு டிகிரிக்கு மேல் வித்தியாசம். எகிப்தின் சர்வே துறையில் இருந்த ஜேம்ஸ் கிரெய்க் இதுக்கென்றே 1909-ல் ஒரு மேப் போட்டார். உலகத்தில் நீங்கள் எங்கே இருந்தாலும், உங்கள் ஊரிலிருந்து மெக்காவுக்கு ஸ்கேல் வைத்தால் செங்குத்துக் கோட்டோடு வருகிற கோணமே சரியான திசை. நாடுகளின் உருவம் கன்னாபின்னாவென்று கோணி, சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியே இருக்கும். பார்க்கச் சகிக்காது. அவருக்குத் தேவை ஒன்றே ஒன்று, அது மட்டும் அந்த மேப்பில் துல்லியம்.